இரவற் படையும் இடைக்கால அரசும்

உள்நாட்டுப் போரினாற் சிதைந்த நாட்டிலே இடைக்காலத் தலைவராகப் பொறுப்பேற்பவரின் முன் இரு பணிகள் ஒருங்கே வந்து நிற்கின்றன. சிதறிய அரசாங்கத்தை மீள நிறுவுதல் ஒன்று. மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவல் அமைத்தல் மற்றொன்று. இவற்றுள் எது முந்தியது என்பது அரசறிவியலாரிடையே நெடுநாளாக வழங்கிவரும் வினா. நூல்களிலே இதற்கு விடை தேடுவதிலும், ஏறத்தாழ ஒரே காலத்தில் வெவ்வேறு கண்டங்களில் நடைபெற்ற இரு முயற்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். ஒன்று நமது வடக்கு-கிழக்கு மாகாண அரசு. மற்றையது மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் அமைந்த இடைக்கால அரசு. முன்னையது நமது முற்றத்தில் நிகழ்ந்தது. ஆயினும் நமது மாணவர் பலர் அதனை ‘இந்தியன் ஆமிக் காலம்’ என்று மூத்தோர் வாயிலாகக் கேட்டறிந்த அளவிலேயே நிற்கின்றனர்.

1987 யூலை 29 ஆம் நாள் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டனர். அதன்வழி இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது. அவ்வாண்டு நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. 1988 செப்டெம்பரில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. இணைப்பு நிலைக்க வேண்டுமா என்பதைக் கிழக்கு மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தீர்மானிப்பர் என்றும் கூறப்பட்டது. அவ்வாக்கெடுப்பு ஆண்டுதோறும் பிற்போடப்பட்டு இறுதிவரை நடைபெறாமலே போயிற்று.

இணைந்த மாகாணத்துக்கான தேர்தல் 1988 நவம்பர் 19 இல் நடைபெற்றது. விடுதலைப் புலிகள் அதனைப் புறக்கணித்தனர். வடக்கிலே போட்டி என்பதே இருக்கவில்லை. 36 ஆசனங்களும் வாக்களிப்பின்றி நிரப்பப்பட்டன. கிழக்கிலேதான் மக்கள் வாக்குச் சாவடிக்குச் சென்றனர். அதன் முடிபு நின்று நோக்கற்பாலது. 35 ஆசனங்களுள் ஈ.பி.ஆர்.எல்.எவ். 17, ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் தலைமையில் அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் அரசியற் கட்சியாகப் பதிவுபெற்றிருந்த ஓர் இயக்கம், ஆயுதம் எதுவும் ஏந்தாமல், ஆயுதம் ஏந்திய கட்சியோடு கிழக்கிலே சரிநிகராக நின்றது. கிழக்கின் மக்கள் இவ்வாறு தெளிவாக எடுத்துரைத்தமை அரிதிலும் அரிது. அக்கரைப்பற்றைச் சேர்ந்த சேகு இஸ்ஸதீன் அவர்கள் சபையில் எதிர்க்கட்சித் தலைவரானார். 71 பேர் கொண்ட அச்சபையில் வடக்கின் போட்டியற்ற ஆசனங்களே ஆட்சியைத் தீர்மானித்தன என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

டிசெம்பர் 10 இல் அ. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் அவர். திருகோணமலை தலைநகராயிற்று. அமைச்சரவையில் முதலமைச்சரொடு நால்வருக்கே இடமுண்டு. அச்சிறு அவையிலும் முஸ்லிம் ஒருவரும், தயான் ஜயதிலக என்னும் சிங்களவரும் இடம்பெற்றனர். தோற்றத்திலே குறை கூறுவதற்கில்லை. எனினும் இவ்வரசுக்குக் காவல் யாது?

பதின்மூன்றாவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணத்துக்கு எழுத்தில் வழங்கியது. மாகாணத்துக்கென ஒரு பொலிஸ் பிரிவு, அதற்கொரு பிரதிப் பொலிஸ் மா அதிபர், அவர் முதலமைச்சருக்குப் பொறுப்புடையவர் என்றவாறு ஏற்பாடுகள் விரிவாகவே வரையப்பட்டிருந்தன. அவற்றுள் எதனையும் கொழும்பு நடைமுறைக்குக் கொணரவில்லை. முதலமைச்சரின் ஆணைக்குட்பட்ட பொலிஸ்காரர் ஒருவர்தானும் சட்டப்படி இருக்கவில்லை. அவரைக் காத்து நின்றது அயல்நாட்டுப் படை. அப்படைக்கு ஆணையிடும் அதிகாரம் புதுடில்லியிடம் இருந்தது. இரவல் வாங்கிய சேலை எப்போது திரும்பக் கேட்கப்படும் என்பதை உடுத்தவள் அறியாள் என்று நம் கிராமத்துப் பெண்கள் சொல்லக்கூடும். இங்கோ கேட்டவர் மூன்றாமவர். 1989 ஆம் ஆண்டு சனாதிபதியாகிய ஆர். பிரேமதாசா, யூலை இறுதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டுமென யூன் முதலாம் நாளிலேயே பகிரங்கமாகக் கோரினார். அதற்குச் சற்று முன்னரே புலிகளுடன் அவர் பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தார்.

காவல் நீங்கப்போகின்றது என்பதை உணர்ந்த மாகாண அரசு, சட்டம் தராத படையைத் தானே திரட்ட முற்பட்டது. தொண்டர் படை என்ற பெயரிலும், பின்னர் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரிலும் இந்திய ஆயுதங்களோடு அது எழுந்தது. இளைஞர்களும் பாடசாலைப் பையன்களும் வீதியிலும் வீட்டிலும் பிடித்துச் செல்லப்பட்டனர். குறுகிய பயிற்சியின்பின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. அரசு ஒன்றினைக் காக்க வேண்டிய படை, அவ்வரசின் குடிமக்களுடைய பிள்ளைகளைப் பறித்து உருவாக்கப்பட்டது. வீட்டில் பையனை ஒளித்து வைத்திருந்த தாய்க்கு மாகாண அரசு என்பது எவ்வாறு தோன்றியிருக்கும்? வரதராஜப் பெருமாளின் ஆட்சியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவரது இறுதிப் பிரகடனத்தையே எடுத்துப் பேசுவர். எனது கருத்தில் அவ்வரசு தோற்றது பிரகடனத்தினாலன்று, இந்த ஆட்பிடிப்பினாலேயாகும்.

இந்தியப் படை முதன்முதல் விலகியது நமது அம்பாறை மாவட்டத்திலிருந்தேயாகும். 1989 இன் இறுதியில் அவர்கள் சென்ற சுவடு மறையுமுன் புலிகள் தமிழ்த் தேசிய இராணுவத்தைத் தாக்கினர். பிடித்துச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் மாண்டனர். ஏனையோர் சரணடைந்தனர் அல்லது ஓடினர். 1990 மார்ச் முதலாம் நாள் முதலமைச்சர் 19 கோரிக்கைகளை முன்வைத்துத் தனி ஈழப் பிரகடனத்துக்கான தீர்மானத்தைச் சபையிற் கொணர்ந்தபோது, அவரது ஆணை திருகோணமலை நகரைத் தாண்டிச் சென்றதா என்பதே ஐயம். அம்மாதம் 24 இல் இறுதி இந்தியப் படையினரும் கப்பலேறினர். முதலமைச்சரும் நாட்டை விட்டகன்றார். யூலையில் இதற்கெனவே பாராளுமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டுச் சபை கலைக்கப்பட்டது.

இனி லைபீரியாவை நோக்குவோம். 1989 டிசெம்பரில் சார்ள்ஸ் டெய்லரின் கிளர்ச்சிப்படை எல்லை கடந்து உட்புகுந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் சனாதிபதி சாமுவேல் டோ பிடிபட்டுக் கொல்லப்பட்டார். நைஜீரியாவின் தலைமையில் மேற்கு ஆபிரிக்க நாடுகளின் கூட்டுப்படை மொன்றோவியாவில் இறங்கியிருந்தது. அந்நாட்டுக் கட்சிகளும் பிறவும் கம்பியாவின் பன்ஜுல் நகரிற் கூடி ஆமஸ் சோயர் என்பவரை இடைக்காலச் சனாதிபதியாகத் தெரிந்தன. அவரும் பல்கலைக்கழகத்தவரே, லைபீரியப் பல்கலைக்கழகத்தின் அரசறிவியற் பேராசிரியர், நாட்டின் அரசியலமைப்பை வரைந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவர். அரசியலமைப்பை வரைந்தவருக்குத் தலைநகரின் புறத்தே ஒரு சாலையைக்கூடச் சொந்தமாகக் காக்க இயலவில்லை. நாட்டின் மிகப்பெரும் பகுதி டெய்லரின் கையில் இருந்தது. பங்கா என்ற நகரிலே அவர் ஒரு போட்டி அரசாங்கமே நடத்தி, மரமும் இறப்பரும் இரும்புத் தாதும் விற்றுப் பொருளீட்டினார். சோயரின் அரசு கொள்ளைபோன நாணயத்தாள்களைச் செல்லாதவை ஆக்கப் புதிய தாள்களை அச்சிட்டது. டெய்லரின் பகுதியிலோ பழைய தாள்களே புழங்கின. ஒரே நாட்டிலே இரு பணம்! சோயரும் தமக்கென ஒரு சிறு படையை உருவாக்கி, அதற்குக் கினியாவிற் பயிற்சி பெறச் செய்தார்; கறுப்புத் தொப்பியினர் என்று அது பெயர்பெற்றது. 1992 ஒக்டோபரில் டெய்லர் மொன்றோவியாவைத் தாக்கியபோது நகரைக் காத்தது பெரும்பாலும் நைஜீரியரின் படைபலமே. 1994 மார்ச்சில் சோயர் பதவி துறந்து, ஆயுதக் குழுக்களும் பங்குகொண்ட ஆட்சிக் குழுவிடம் பொறுப்பைக் கையளித்தார். 1997 யூலைத் தேர்தலில் மக்கள் டெய்லரையே பெருவாரியாகத் தெரிந்தனர். அவர் தோற்றால் மீண்டும் போர் மூளும் என்ற அச்சமும் அவ்வாக்குகளில் இருந்ததென்பர்.

2003 ஆகஸ்டில் டெய்லர் நாட்டைவிட்டுச் சென்றபின் அமைந்த இரண்டாவது இடைக்கால அரசு, முன்னையதிற் கண்ட குறைகளை ஓரளவு அறிந்தே வடிவமைக்கப்பட்டது. அதன் தலைவர் கியூட் பிறயன்ற் என்ற வணிகர். எந்த ஆயுதக் குழுவையும் சாராதவர். அவரோ அவரது முதன்மை அமைச்சர்களோ அடுத்த தேர்தலிற் போட்டியிடலாகாது என்று அக்ரா ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. ஐக்கிய நாடுகளின் படையினர் 15,000 பேர் வரை வந்தனர். ஆயினும் ஆயுதக் களைவின் தொடக்கம் பெருங்குழப்பமாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் எதிர்பார்த்ததிலும் பன்மடங்கு போராளிகள் ஒரே முகாமில் வந்து குவிந்து, பணம் கேட்டுக் கலகம் விளைவித்தமையால் பணி நிறுத்தப்பட்டு, 2004 ஏப்பிரலிலேதான் மீண்டும் தொடங்கியது. முடிவிலே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தனர். கிடைத்த துப்பாக்கிகளோ ஏறத்தாழ 28,000. பழைய இராணுவம் முற்றாகக் கலைக்கப்பட்டது. அமைச்சுகள் மூன்று போர்த் தரப்புகளுக்கும் ஐந்தைந்தாகப் பங்கிடப்பட்டமையால் ஊழல் பெருகியது உண்மையே. பிறயன்றும் பின்னர் நீதிமன்றம் ஏறி விடுபட்டவரே. ஆயினும் 2006 சனவரியில் எலன் ஜோன்சன் சேர்லீஃப் பதவியேற்றபோது, தோற்ற கட்சி எதுவும் காட்டுக்குத் திரும்பவில்லை. ஐ.நா. படை அதன்பின்னும் 12 ஆண்டுகள் தங்கி, 2018 மார்ச்சிலேயே தன் பணியை நிறைவு செய்தது. இரவற் படைதான் அதுவும். ஆனால் அது நின்ற காலத்திலே சொந்தப் பொலிஸும் சொந்த இராணுவமும் புதிதாக ஆக்கப்பட்டன.

நமது மாகாணத்தில் இரவற் படை நீங்கியபின் நேர்ந்தவற்றை விரித்துரைக்க மனம் கூசுகின்றது. 1990 யூன் 11 இல் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தனர். மேலிடத்து ஆணைப்படி சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து இராணுவம் மீண்டபோது கல்முனைப் பகுதியில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர், காணாமற் போயினர். ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஒரு கிழமை சென்றதும் ஏறாவூரிலும் அவ்வாறே. நமது ஊர்களுக்கு அரசு தந்த காவல் ஊர்காவற்படை என்பதாகும். சொற்பப் பயிற்சியும் பழைய துப்பாக்கியும் பெற்ற அவ்விளைஞரே இரவெல்லாம் ஊரைச் சுற்றி விழித்திருந்தனர். அவர்களுட் பலர் மாண்டனர். அதேவேளை, வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் அம்மாதமே கொல்லப்பட்டமையில் ஊர்காவற்படையினருக்கும் பங்கிருந்தது என்று பதிவுகள் கூறுவதை நாம் மறைத்தல் ஆகாது. பொதுவான பொலிஸ் இல்லாத இடத்தில் ஒவ்வொரு சமூகத்தின் துப்பாக்கியும் அடுத்த சமூகத்துக்கு அச்சமாகவே அமைந்தது. கடற்கரையில் வீடும் மேற்கே வயலுமாக வாழ்ந்த நம் விவசாயிகள் விதைத்த காணிக்குப் போக அஞ்சி, விளைவைப் பிறர் கொள்ளப் பார்த்திருந்த போகங்கள் பல.

லைபீரியாவில் நிகழாத ஒன்று இங்கு நிகழ்ந்ததையும் சொல்லுதல் வேண்டும். அங்கே அரசே உருக்குலைந்தது. இங்கோ மாகாண அரசு வீழ்ந்த பின்னரும் கச்சேரிகளும் உதவி அரசாங்க அதிபர் பணிமனைகளும் பாடசாலைகளும் ஆசுபத்திரிகளும் எவ்வாறோ இயங்கின. சம்பளம் வந்தது, பரீட்சை நடந்தது. வந்தாறுமூலையில் கற்க இயலாது வெளியேறிய மாணவருக்காக 1995 ஒக்டோபர் 23 இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் நாம் இருந்து கற்கும் இவ்விடம் அன்றைய காவலின்மையின் விளைவேயாகும். இதனை நாம் பெருமையோடு மட்டும் எண்ணுவது எனக்கு உடன்பாடன்று. தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர அஞ்சிய காலமும் இதன் அத்திவாரத்தில் உள்ளது.

2006 ஒக்டோபர் 16 இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது எனத் தீர்த்தது. 2007 முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று. அவ்வாண்டு நடுப்பகுதியில் புலிகள் கிழக்கை இழந்தனர். 2008 மே 10 இல் நடந்த தேர்தலின்பின் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். அவரது கட்சியும் ஆயுதத்தோடே தேர்தலை எதிர்கொண்டது. 1988 இற் போலவே வாக்களிப்பு முந்திற்று, ஆயுதக் களைவு பிந்திற்று. அவருக்குப்பின் வந்த இரு முதலமைச்சர்களும் முஸ்லிம்கள். ஆயுதப் பின்னணி அற்றவர்கள். அவர்களும் பொலிஸ் அதிகாரமின்றியே ஆண்டனர். 2017 செப்டெம்பர் 30 இல் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் இக்கட்டுரை எழுதப்படும்வரை கிழக்கிலே மாகாணத் தேர்தல் நடைபெறவில்லை, ஆளுநரே ஆள்கின்றார். 1988 இல் வரதராஜப் பெருமாளுக்குக் கிடையாத பொலிஸ் அதிகாரமோ அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலே, மாகாண நிரலின் முதலாம் பின்னிணைப்பாக, நடைமுறைக்கு வராமலே அச்சிற் கிடக்கின்றது.