சீனர் ஊசி வைத்தியம்

குனிந்து நிமிர்ந்து பால் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இடுப்புவலி பழைய சொந்தம். ஈப்போவுக்குப் போய்ச் சீன வைத்தியரிடம் ஊசி வைத்துக்கொண்டால் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊசியின் வரலாற்றை நாம் பார்ப்போம்.

சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சீன மருத்துவ நூல்களின்படி, உடலில் 'சீ' என்னும் உயிர்ச்சக்தி 12 முதன்மைத் தடங்களில் ஓடுகிறது. ஓட்டம் தடைப்பட்டால் வலி, நோய். அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிடுவதுபோல, தடத்தின்மேல் குறித்த இடத்தில் மெல்லிய ஊசியை இறக்குவார்கள். மருந்து ஏற்றும் ஊசியல்ல இது, வெறும் கம்பிதான். நம் வர்மம் நினைவுக்கு வரலாம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

சீனாவிலேயே இது தாழ்ந்த காலமும் உண்டு. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து இதை நீக்கினார். பிறகு, 1932இல் 'சீன மருத்துவ வரலாறு' என்ற பெரிய ஆங்கில நூல் வெளிவந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் பினாங்கில் பிறந்த டாக்டர் ஊ லியன் தே. மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை 1911இல் அடக்கியவர். 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் வைத்தியம் பார்த்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர் தம் முன்னோரின் வைத்தியத்தையும் வரலாறாக எழுதிவைத்தாரே, அது பெரிய காரியம்.

அந்த 12 தடங்களை உடற்கூறு ஆய்வில் எவரும் கண்டதில்லை. ஆயினும் நாட்பட்ட இடுப்புவலி, முட்டிவலிக்கு ஊசியால் ஓரளவு ஆறுதல் உண்டென ஆய்வுகள் சொல்கின்றன. நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசியை நம்புவது வேறு கதை, அது ஆபத்து. இத்தகைய வைத்தியர்களைப் பதிவுசெய்ய மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. போகிறவர்கள் பதிவுச் சான்றைப் பாருங்கள். உறை பிரிக்காத புது ஊசிதானா என்றும் கூசாமல் கேளுங்கள்.