அமீனாவுக்கு விழுந்த சீழ்க்கை

சென்ற வாரம் பார்த்த ரிச்சர்ட் ஸ்டீல் 1722-இல் போட்டுக் கொடுத்த தடத்திலேயே லண்டன் மேடை அரை நூற்றாண்டு ஓடியது. நாயகன் உத்தமன், நாயகி அவனைவிட உத்தமி. கடைசி அங்கத்தில் அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு இன்பியல் நாடகம் என்று பெயர்!

1768 ஜனவரி. ட்ரூரி லேனில் ஹியூ கெல்லியின் கண்ணீர் நாடகம் சக்கைப்போடு போட்டது. அது அரங்கேறிய ஆறாம் நாள், கவென்ட் கார்டனில் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் முதல் நாடகம். கடனாளி நாயகன் வீட்டில் அமீனாவும் கையாளும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவன் மனம் கவர்ந்த பெண் வருகிறாள். மானத்தைக் காப்பாற்ற, கையாளுக்குத் தன் சரிகைக் கோட்டை மாட்டிவிட்டு, இருவரையும் நண்பர்கள் என்று சாதிக்கிறான். அவர்கள் வாயைத் திறந்ததுமே குட்டு உடையத் தொடங்குகிறது. பார்த்தவர்களோ "கீழ்த்தரம்!" என்று சீழ்க்கையடித்தார்கள். காட்சியை வெட்ட வேண்டியதாயிற்று. கோல்ட்ஸ்மித் அச்சுப் புத்தகத்தில் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

1773 ஜனவரியில் அழுகை நாடகத்தைச் சாடி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் மிகை உண்டு. சிரிப்பு அப்படியொன்றும் செத்துப்போகவில்லை. பெரிய நாடகம் முடிந்தபின் போடும் குட்டிக் கேலி நாடகங்களுக்கு இதே கூட்டம்தான் சிரித்தது. ஐந்து அங்க நாடகத்தில் சிரிக்கத்தான் கௌரவம் தடுத்தது. மறுமாதமே சாமுவேல் ஃபூட் பொம்மலாட்டம் போட்டு அந்தக் கௌரவத்தைக் கிழித்தார்.

மார்ச் 15. கோல்ட்ஸ்மித்தின் அடுத்த நாடகம். ஒரு வீட்டைச் சத்திரமென்று நம்பி, வருங்கால மாமனாரையே சத்திரக்காரராக அதட்டும் மாப்பிள்ளையின் கதை. அரங்க நிர்வாகி கோல்மனுக்கே நம்பிக்கை இல்லை. பெரிய நடிகர்கள் வேடத்தை மறுத்து ஒதுங்கினார்கள். ஆசிரியரோ அரங்குக்குப் போகாமல் பூங்காவில் உலாத்திக்கொண்டிருந்தார். ஒருவர் இழுத்துவந்து சேர்த்தபோது ஐந்தாம் அங்கம். உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்தது ஒரே ஒரு சீழ்க்கை. ஆள் வெலவெலத்துப் போனார். மற்றபடி அரங்கம் சிரிப்பில் அதிர்ந்துகொண்டிருந்தது.

பழைய கணக்கையும் அதிலேயே தீர்த்திருந்தார். முதல் அங்கத்தில் ஒரு மதுக்கடை. அங்கே குடித்துக் கும்மாளமடிக்கும் கூட்டத்தில் ஒருவன் கரடியாட்டி. கீழ்த்தரமான எதுவும் தங்களுக்கு ஆகவே ஆகாது என்று அலுத்துக்கொள்கிறார்கள். தன் கரடி உயர்தரப் பாட்டுக்கு மட்டுமே ஆடும் என்கிறான் அவன்.

மறு ஆண்டு ஏப்ரலில் கோல்ட்ஸ்மித் இறந்தார். 1775 ஜனவரியில் அதே கவென்ட் கார்டனில் 23 வயது ஷெரிடனின் முதல் நாடகம் படுத்தது. 11 நாளில் அதைத் திருத்தி அவர் எழுப்பிய கதை அடுத்த வாரம்.