கூட்டம் தாங்காமல் பிறந்த கட்டடக்கலை

மும்பைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில்தான் லோக்கல் பிடிக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து டிக்கெட் ஹாலில் அண்ணாந்து பார்த்தால் நுனி கூரான வளைவுகள். இடிபட்டுக்கொண்டே ஒருநாள் யோசித்தேன், வளைவு ஏன் கூராக இருக்கவேண்டும்? அழகுக்கா?

தேடிப் படித்ததில், பாரிஸுக்கு வடக்கே உள்ள செயிண்ட் டெனி மடாலயத்தில் போய் நின்றது விஷயம். பிரெஞ்சு மன்னர்களை அடக்கம் செய்த தேவாலயம் அது. 1122-ல் அங்கே மடாதிபதி ஆனவர் சூஜே. ஏன் மாற்றிக் கட்டினேன் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். திருநாட்களில் பழைய கோயில் கூட்டம் தாங்காதாம். பெண்கள் ஆண்களின் தலைமேல் கால்வைத்துப் பலிபீடத்துக்குப் போவார்களாம். புனிதப் பொருட்களைக் காட்டிக்கொண்டிருந்த துறவிகள், நெரிசலில் ஜன்னல் வழியாகத் தப்பித்தார்களாம். (நம்ம கல்யாண் ஃபாஸ்ட் எவ்வளவோ தேவலை!)

முதலில் மூன்று வாசலோடு மேற்கு முகப்பைக் கட்டினார். பிறகு பலிபீடத்தைச் சுற்றி இரட்டைப் பிராகாரம் மாதிரி நடைவழி, அதை ஒட்டிச் சின்னச் சின்ன சந்நிதிகள். 1144 ஜூன் 11 அன்று அர்ச்சிப்பு.

இங்கேதான் கூர் வளைவு வருகிறது. அரைவட்ட வளைவின் உயரம் அகலத்தில் பாதிதான், மாற்ற முடியாது. வளைந்து போகும் நடைவழியிலோ ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு அகலம். கூர் வளைவு என்றால் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரலாம். பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறைவு. கூரையின் எடையைக் கல் விலாக்கள் தூண்களுக்குக் கடத்திவிடும். தடித்த சுவர் வேண்டாம்; ஒல்லித் தூண் போதும். ஆட்களுக்கு வழி, வண்ணக் கண்ணாடிக்கு இடம், உள்ளே வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சூஜே கடவுளைக் கண்டார்.

இதெல்லாம் அவர் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் டர்ஹாம் தேவாலயத்தில் கூர் வளைவும் விலாவும் முன்பே உண்டு. இவர் செய்தது, இரண்டையும் சேர்த்துச் சுவரையே கண்ணாடியாக்கியது. சில பத்தாண்டுகளில் ஷார்த்ர் போன்ற பெரிய தேவாலயங்கள் இதே வழியில் எழுந்தன.

ஒரே குறை. 1151-ல் சூஜே இறந்தபோது வாசல் புதுசு, பலிபீடப் பக்கம் புதுசு, ஜனங்கள் நிற்கும் நடுக்கூடம் மட்டும் அதே பழசு. அதை மாற்றிக் கட்டத் தொடங்கியது 1231-ல்தான்.

யாருக்காக ஆரம்பித்தாரோ, அவர்கள் முறை கடைசியில்தான் வந்தது. இது மட்டும் எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் மாறாது போல :-)