கடைசி எழுத்து

கார்ல் யுங் 1921-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' நூலைச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஜே வகை, பி வகை என்ற பேச்சு அகப்படாது. அவர் சொன்னது இரண்டு சங்கதி. ஒருவர் மனம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது ஒன்று. சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு ஆகிய நான்கு மனச் செயல்களில் எது அவரிடம் தலைமை தாங்குகிறது என்பது மற்றொன்று. பெருக்கினால் எட்டு வகை. இன்று இளைஞர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையின் பதினாறு வகைக்கு இன்னும் ஒரு இரட்டை தேவைப்பட்டது. நான்கெழுத்துக் குறியீட்டின் கடைசி எழுத்து அப்படி வந்ததுதான். அதைச் சேர்த்தவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும். இருவருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்ல.

தாய் கேத்தரின் குக் பிரிக்ஸ். அவருடைய கணவர் லைமன் பிரிக்ஸ் இயற்பியலாளர். பின்னாளில் அமெரிக்கத் தேசிய அளவைத் தரக் கழகத்தின் இயக்குநரானவர். எடைக்கும் நீளத்துக்கும் நாட்டுக்கே அளவு சொல்லும் மனிதரின் வீட்டில், மனைவி மனித சுபாவத்துக்கு அளவுகோல் தேடிக்கொண்டிருந்தார். மகள் இசபெல், கிளாரன்ஸ் மையர்ஸ் என்ற சட்ட மாணவரை 1918-இல் மணந்தார். கற்பனையில் திளைத்த அந்தக் குடும்பத்துக்குள் எதையும் நிதானமாக, ஒழுங்காக, ஆதாரத்தோடு பார்க்கும் ஒரு மாப்பிள்ளை. நல்லவர்தான், ஆனால் நம்மைப் போல இல்லையே என்ற வியப்பு கேத்தரினை விடவில்லை. அவர் ஏற்கெனவே மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். 1923-இல் யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்தது. படித்து முடித்ததும் தன் குறிப்புகளைத் தீயில் போட்டுவிட்டார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை.

இசபெல் அப்போது வேறு உலகத்தில் இருந்தார். துப்பறியும் நாவல் ஒன்று எழுதி, பத்திரிகைப் போட்டியில் பரிசும் வாங்கினார். இரண்டாம் உலகப் போர்தான் அவரைத் தாயின் வேலைக்குள் இழுத்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்லும் ஒரு கருவி இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. பிலடெல்ஃபியாவில் ஒரு வங்கியின் பணியாளர் துறைத் தலைவரிடம் சேர்ந்து, தேர்வுத்தாள் தயாரிப்பையும் புள்ளியியலையும் கற்றுக்கொண்டார். 1943-இல் முதல் வினாத்தாள் தயாரானது.

யுங்கிடம் ஒரு முடிச்சு இருந்தது. தலைமைச் செயலோடு ஒரு துணைச் செயலும் உண்டு என்று சொன்னவர், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். தாயும் மகளும் அந்தச் சில பத்திகளைப் பிடித்துக்கொண்டார்கள். அகமுகமானவரின் தலைமைச் செயல் உள்ளே வேலை செய்கிறது என்றால், வெளியுலகத்தோடு பேசுவது யார்? துணைச் செயல்தான். இசபெல் இதற்குப் படைத்தளபதியையும் அவருடைய உதவி அதிகாரியையும் உவமை சொன்னார். புறமுகமானவரைப் பார்க்கப் போனால் தளபதியே கூடாரத்துக்கு வெளியே நிற்பார். அகமுகமானவரைப் பார்க்கப் போனால் வெளியே நிற்பது உதவி அதிகாரி. தளபதி உள்ளே இருக்கிறார்.

கடைசி எழுத்தின் வேலை, வெளியே நிற்பது யார் என்று காட்டுவது. சிந்தனையோ உணர்வோ நின்றால் ஜே. அவை தீர்மானிக்கும் செயல்கள். புலனறிவோ உள்ளுணர்வோ நின்றால் பி; அவை வருவதை வாங்கிக்கொள்ளும் செயல்கள். புறமுகமானவர்களுக்கு இதில் குழப்பமில்லை. அகமுகமானவர்களுக்கு எல்லாம் தலைகீழ். ஐஎன்எஃப்ஜே (ஐ என்றால் அகமுகம், என் உள்ளுணர்வு, எஃப் உணர்வு) என்பவரிடம் வெளியே நிற்பது உணர்வு; உள்ளே இருக்கும் தளபதி உள்ளுணர்வு. ஐஎன்எஃப்பி என்பவரிடம் வெளியே நிற்பது உள்ளுணர்வு. உள்ளே ஆள்வது உணர்வு. அதாவது ஜே என்று முத்திரை பெற்ற அகமுகத்தார் அடியாழத்தில் தீர்மானிப்பவர் அல்லர். பி என்று முத்திரை பெற்றவர்தான் உள்ளே அசைக்க முடியாத தீர்மானத்தோடு இருப்பவர். (யுங் உணர்வு என்றது கண்ணீரை அல்ல, இது எனக்கு ஏற்கும், இது ஏற்காது என்று மதிப்பிடும் திறனை.)

மூன்று எழுத்து ஒன்றாக இருப்பதால் இந்த இரண்டு வகையும் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரிகின்றன. இருவரும் அமைதியானவர்கள், இலட்சியவாதிகள், கூட்டத்தில் சீக்கிரம் களைத்துப்போகிறவர்கள். ஆனால் கோட்பாட்டின்படி, ஒருவரின் தலைமைச் செயலும் துணைச் செயலும் மற்றவரிடம் இடம் மாறி, திசையும் மாறிக் கிடக்கின்றன. இசபெல் தன்னை ஐஎன்எஃப்பி என்று வகைப்படுத்திக்கொண்டவர். கேத்தரின் ஐஎன்எஃப்ஜே என்பது இந்தத் துறையினரிடையே வழக்கமான பேச்சு. அது சரியென்றால், இரண்டு வகையையும் பிரித்துக் காட்டும் எழுத்தை உண்டாக்கியவர்களே அந்த இரண்டு வகைக்காரர்கள்.

1957-இல் பிரின்ஸ்டனில் இருந்த கல்வித் தேர்வு நிறுவனமான ஈடிஎஸ் இந்தச் சோதனையைத் தன் பொறுப்பில் எடுத்தது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்திய அதே நிறுவனம். 1962-இல் கையேடு வந்தது, ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு. மதிப்பெண்களை வரைந்து பார்த்தால் நடுவில் பள்ளமும் இருபக்கமும் இரண்டு குன்றும் தெரிய வேண்டும். அப்போதுதான் ஜே வேறு, பி வேறு இனம் என்று சொல்லலாம். ஈடிஎஸ்ஸில் வேலை பார்த்த லாரன்ஸ் ஸ்டிரிக்கரும் ஜான் ராஸும் தேடினார்கள். அவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் நடுக்கோட்டை ஒட்டியே நின்றார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண் என்றால் ஒரு வகை, அந்தப் பக்கம் என்றால் வேறு வகை. ஒருவரே சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் எழுத்து மாறுவதற்கு இதுவே போதும்.

இரண்டு பக்கமும் சமமாக வந்தால்? அதற்கு இசபெலின் முறையில் விதி இருந்தது: ஐ, என், எஃப், பி பக்கம் சாய்க்க வேண்டும். அமெரிக்கச் சமூகம் மனிதர்களைக் கலகலப்பாகவும், நடைமுறைவாதியாகவும், ஒழுங்காகவும் இருக்கச் சொல்லித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலையும் மீறி ஒருவர் பாதி விடையை மறுபக்கம் எழுதினால் அதுவே அவருடைய இயல்பு என்பது வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு சமநிலையையும் அப்படிச் சாய்த்தால் கிடைப்பது ஐஎன்எஃப்பி, சோதனையை உருவாக்கியவரின் சொந்த வகை. ஈடிஎஸ் புள்ளியியலாளர்களுக்கும் அவருக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது எனக்கு இந்த ஒரு விதியிலேயே விளங்குகிறது.

1975-இல் ஈடிஎஸ் கைவிட, கலிஃபோர்னியாவின் கன்சல்டிங் சைக்காலஜிஸ்ட்ஸ் பிரஸ் சோதனையை வெளியிடும் பொறுப்பை ஏற்று நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியது. இசபெல் 1980-இல் இறந்தார். 1989-இல் ராபர்ட் மக்ரேயும் பால் கோஸ்டாவும் இதை ஐந்து காரணிகள் கொண்ட ஆளுமை அளவையோடு ஒப்பிட்டார்கள். கடைசி எழுத்து அங்கே 'பொறுப்புணர்ச்சி' என்ற காரணியோடு இழைந்து நின்றது. கூடாரத்துக்கு வெளியே நிற்பது யார் என்று கேட்கப் பிறந்த எழுத்து, நடைமுறையில் அளந்தது ஒருவர் எவ்வளவு திட்டமிட்டு, ஒழுங்காக நடக்கிறார் என்பதைத்தான். வினாத்தாளைப் பார்த்தால் ஆச்சரியமில்லை. அட்டவணை போட்டு வேலை செய்வீர்களா, கடைசி நேரத்து அவசரத்தில் செய்வீர்களா என்ற தினுசுக் கேள்விகளிலிருந்து வேறு எது வரும்?

ஆகவே மேசை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து ஐஎன்எஃப்ஜேயையும் ஐஎன்எஃப்பியையும் பிரிக்க முடியாது. குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்த ஐஎன்எஃப்பி பட்டியல் போட்டு வாழக் கற்றிருப்பார். தனியாக விட்ட ஐஎன்எஃப்ஜேயின் அறை குப்பைமேடாக இருக்கலாம். கோட்பாட்டை அதன் சொந்த விதிப்படி எடுத்துக்கொண்டால் கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். உள்ளே வருபவர் முதலில் அந்த இறுக்கத்தைத் தன் உடம்பில் வாங்கி, அதைத் தணிக்க என்ன பேசலாம் என்று தேடுகிறாரா? தனக்கு என்ன வலி என்பது மறுநாள் யாரிடமாவது பேசும்போதுதான் அவருக்கே தெரிகிறதா? அது ஐஎன்எஃப்ஜேயின் போக்கு. இதில் நான் எந்தப் பக்கம் என்பது முதலிலேயே உள்ளே தெளிவாகிவிட்டு, ஆனால் வாய் திறக்காமல் இருந்தால் அது ஐஎன்எஃப்பி. யோசனை சொல்லும் விதமும் வேறு. முன்னவர் பல செய்திகளைச் சுருக்கி ஒரே முடிவுக்கு வருவார். ஏன் என்று கேட்டால் விளக்கத் திணறுவார். பின்னவர் ஒரு செய்தியிலிருந்து பத்து வழி விரிப்பார்.

இன்னும் நல்ல தடயம், இருவரும் உடைந்துபோகும் நேரம். நவோமி குவெங்க் 1993-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் கணக்குப்படி, சோர்வின் உச்சத்தில் ஐஎன்எஃப்பி எல்லாரிடமும் குற்றம் கண்டுபிடித்து, கடுமையாக அதிகாரம் செய்யத் தொடங்குவார். ஐஎன்எஃப்ஜேயோ வரைமுறையில்லாமல் சாப்பிடுவார், வாங்கிக் குவிப்பார், சின்னச் சின்ன விவரங்களில் வெறிபிடித்தாற்போல் இறங்குவார். இதெல்லாம் ஆலோசகர்கள் அனுபவத்தில் கண்டு எழுதியவை. ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசையை விட இது பேசுகிறது.

இணையத்துக்கு வந்தபின் எழுத்தின் கதை திரும்பிவிட்டது. 1998-ஆம் ஆண்டுக் கையேட்டின் அமெரிக்க மாதிரியில் ஐஎன்எஃப்ஜே சுமார் 1.5 சதவீதம், பதினாறிலும் மிகக் குறைவு. ஐஎன்எஃப்பி சுமார் 4.4 சதவீதம். அபூர்வம் என்ற சொல் போதாதா? ஜே விழும்வரை திரும்பத் திரும்பச் சோதனை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இலவசச் சோதனைகள் பலவற்றில் துணைச் செயல் பற்றிய கணக்கே கிடையாது. ஒழுங்குக்கு மதிப்பெண் போட்டு எழுத்தைக் கையில் கொடுத்துவிடுகின்றன. விலை கொடுத்து எழுதும் அசல் சோதனையிலோ தாள் தரும் விடை இறுதியானதல்ல. பயிற்சி பெற்றவர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு வகையின் விவரணைகளையும் படித்து, எது தனக்குப் பொருந்துகிறது என்பதை எழுதியவரே சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் தாளும் மோதினால் அவர் சொல்வதைத்தான் பதிவு செய்கிறார்கள்.