புதுச்சேரி: கடற்கரையும் மீனவக் குப்பங்களும்

புதுச்சேரி, சோழமண்டலக் கடற்கரையில் சென்னைக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரம். அதே பெயருடைய ஒன்றிய ஆட்சிப்பகுதியின் தலைநகர். வெளியூர்க்காரர்களுக்கு இவ்வூர் என்றதும் நினைவுக்கு வருபவை பிரெஞ்சுக் காலத்து மஞ்சள் சுவர்களும் நேர்க்கோட்டுத் தெருக்களும்தான். ஆனால் கடற்கரைச் சாலையின் வடக்கே குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும், தெற்கே வம்பாகீரப்பாளையமும் இருக்கின்றன. இரு பக்கமும் மீனவர் ஊர்கள். நடுவில்தான் பிரெஞ்சியர் வாழ்ந்த வெள்ளை நகரம். புதுச்சேரி வட்டாரத்தில் மொத்தம் 18 மீனவ கிராமங்கள் உண்டு.

பிரெஞ்சியர் வரவு: பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கு வணிகத்தலம் அமைத்தார். 1693இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போய் 1699இல் திரும்பி வந்தது. 1761இல் ஆங்கிலேயர் இதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே இன்று நாம் காணும் பழைய தெருக்களின் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை. நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது.

கப்பலும் சலங்கும்: புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கையும் ஆட்களையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை சலங்கு எனப்பட்ட படகுகள். அவற்றைச் செலுத்தத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் கடலோடிகளே. அந்தச் சொல்லைப் பிரெஞ்சியர் ‘ஷெலாங்க்’ என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வந்த செய்தியும் பீரங்கி மரியாதையும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரெஞ்சுக் கம்பெனியின் வாணிபம் முழுவதும் அந்தச் சில நூறு கெஜம் அலையைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது. 1836இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது; 1866இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று. பழைய விளக்கம் 1979இல் ஓய்வு பெற்றது. தெற்கே கட்டப்பட்ட புதிய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்து விழுந்தது.

கடற்கரைச் சாலை: பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கல்தூண்கள் சூழ்ந்த காந்தி சிலை, முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னம் ஆகியவை இங்கே வரிசையாக உள்ளன. மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கு. சற்று உள்ளே மணக்குள விநாயகர் கோயில் உள்ளது. கப்புச்சின் துறவியரின் நினைவாகக் கப்ஸ் கோவில் என்று மக்கள் அழைக்கும் தேவதைகளின் அன்னை ஆலயம் 1855இல் எழுந்தது. பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த தெருக்கள் நகரைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் பகுதியில் உள்ளன. நகரைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள்.

மணல் போன கதை: இந்தக் கடற்கரையில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அகலமான மணற்பரப்பு இருந்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து வரும் அலை, கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தென்புறத்தில் தேங்கியது, வடபுறத்துக்கு வரவில்லை. வராத மணலுக்காகக் கடல் கரையைத் தின்றது. நகரைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். நடக்க வந்தவர்களுக்கு அந்தக் கற்கள் உட்காரும் இடமாயின; கரைவலை இழுக்கவும் கட்டுமரம் ஏற்றவும் மணல் தேவைப்பட்ட குப்பங்களுக்கோ தொழிலே ஆட்டம் கண்டது. கல் போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடர்ந்து, தமிழக எல்லைக்குள் உள்ள கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் கரைகளையும் பிடித்தது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி 2018இல் தலைமைச் செயலகத்தருகே ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றைக் கடலுக்குள் மூழ்கடித்தார்கள். அதன் பின்னால் மணல் திரும்பச் சேர்ந்தது. இன்று காந்தி சிலைக்கு வடக்கே பிள்ளைகள் விளையாடும் மணல் அப்படி வந்ததுதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கற்களுக்குப் பின்னிருந்த நகரம் பெரிய சேதமின்றித் தப்பியது. அடி வாங்கியவை திறந்த கரையில் இருந்த குப்பங்கள். அவற்றுள் நல்லவாடு தனிக்கதை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். அலை வருமுன் மக்கள் வெளியேறிவிட்டார்கள்.

வீராம்பட்டினமும் அரிக்கமேடும்: முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினம், வட்டாரத்தின் பெரிய மீனவ ஊர்களில் ஒன்று. அதன் அடையாளம் செங்கழுநீர் அம்மன். மீனவர் வலையில் மீனுக்குப் பதிலாக மரக்கட்டை ஒன்று சிக்கியதாகவும், அதைப் பிளந்தபோது இரத்தம் வந்ததாகவும் தல வரலாறு சொல்கிறது. ஆடி ஐந்தாம் வெள்ளியன்று தேரோட்டம். பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். மாசி மகத்தன்று கூட்டம் வைத்திக்குப்பத்துக்கு மாறும். மயிலம் முருகன் உள்ளிட்ட சுற்றுவட்டாரத் தெய்வங்கள் கடலாடத் தீர்த்தவாரிக்கு அங்கே வந்து சேர்கின்றன.

வீராம்பட்டினத்தை ஒட்டி ஆற்றங்கரையில் அரிக்கமேடு. மார்ட்டிமர் வீலர் 1945இல் இங்கே தோண்டியபோது உரோமானியத் தொடர்பைக் காட்டும் மதுச்சாடிகளும் பளபளப்பான மட்பாண்டங்களும் கிடைத்தன. பின்னர் கசால், விமலா பெக்லி ஆகியோர் ஆய்வைத் தொடர்ந்தனர். கிரேக்க நூல்கள் கூறும் பொதுகே இதுவே என்பது பரவலான கருத்து. இப்போது அங்கே பார்க்க இருப்பது தோப்பும் சில செங்கல் சுவர்களும்தான். ஏமாறாமல் இருக்க முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். அருகில் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது.

மீன்: விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கரை சேரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் படகுகள் வெளியேறத் தவிக்கும். தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடுவது வழக்கமாகிவிட்ட செய்தி. மீன் கரையிலேயே ஏலம் போகிறது. பெண்கள் வாங்கி, நேரு வீதியை ஒட்டிய குபேர் அங்காடிக்கும் தெருக்களுக்கும் கொண்டுபோவார்கள். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, நண்டு, இறால் எனப் பருவத்துக்கேற்ப வரத்து மாறும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், கட்டுமரங்களும் நாட்டுப்படகுகளும் மட்டுமே கடலுக்குப் போகும்.