சுவர்களைக் காத்த சட்டமும் குடிகளைக் கைவிட்ட சந்தையும்: ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் குறித்து

ஜார்ஜ்டவுனின் பழைய குடிகள் வெளியேறியதற்கு யுனெஸ்கோவைக் குறை சொல்வது பினாங்கில் வழக்கமாகிவிட்டது. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து இந்நகரம் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் கடைவீடுகளின் விலை ஏறியது. தங்கும் விடுதிகள் பெருகின. இவை உண்மையே. ஆனால் குடிகள் தம் பாதுகாப்பை அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டனர் என்பதே என் வாதம்.

1948 பிப்ரவரி 1க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடக்கி வைத்திருந்தது. உரிமையாளரிடமிருந்து ஒருவர் வீட்டை எடுப்பார். அறைகளைத் தடுத்துப் பலருக்கு உள்வாடகைக்கு விடுவார். லெபோ பாசாரிலும் லெபோ குயீனிலும் கீழே துணிக்கடையோ மளிகையோ நடக்க, மாடியில் வேலையாட்களும் சிறு குடும்பங்களும் வாழ முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். அச்சட்டத்தைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. வாடகை சொற்பம் என்பதால் ஓட்டை மாற்றவும் உரிமையாளர் முன்வரவில்லை. கரையான் அரித்த உத்தரத்தின் கீழேயே மக்கள் படுத்தெழுந்தார்கள். ஆயினும் நகர நடுவில் ஏழை வாழ்வதற்கு அதைவிட வலுவான உத்தரவாதம் வேறொன்றும் இருக்கவில்லை.

1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 டிசம்பர் 31உடன் கட்டுப்பாடு முற்றாக முடிந்தது. அதன் இடத்தில் குடியிருப்போருக்கென வேறு சட்டம் எதுவும் வரவில்லை. வாடகை திடீரென உயர, பல வீடுகள் காலியாயின. அவற்றுள் சில, மனிதர் போன அறைகளில் உண்ணத்தகும் கூடுகளுக்காகக் குருவிகளை வளர்க்கும் பண்ணைகளாக மாறின. யுனெஸ்கோ வந்தபோது சந்தையின் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

பிறகு வந்த காப்புச் சட்டங்கள் கட்டடத்தையே பார்த்தன. 109 ஹெக்டேர் மையப் பகுதியில் முகப்பு, கூரை, உயரம் ஆகியவற்றுக்கு விதி உண்டு. அந்தக் கூரையின் கீழ் யார் இருக்கலாம் என்பதற்கு விதி இல்லை. 2009இல் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த மையப் பகுதியில் 2013இல் 9,400 பேரே எஞ்சினர். பல இனத்தார் கலந்து வாழும் மரபையும் காரணமாகக் காட்டிப் பெற்ற அங்கீகாரம் இது. வாழ்பவர் குறையக் குறைய அதன் அடிப்படையே கரைகிறது. எனக்கு இதில் உள்ள கவலை கணக்கைச் சார்ந்தது மட்டுமல்ல: 1833இல் லெபோ குயீனில் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றிப் பூக் கட்டுவோரும் பொற்கொல்லரும் நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தால்தான் அந்தத் தெரு தெருவாக இருக்கும்.

அவர்கள் எங்கே போவது? தீவின் அடுக்குமாடிகளுக்கு, இல்லையேல் கடல் தாண்டிப் பெருநிலத்துக்கு. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானில் கரையேறுகிறது. அங்கிருந்து சிம்பாங் அம்பாட் தொலைவில்லை. ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த நிலத்தில் இன்று தாமான்கள் எனப்படும் வீட்டுத் தொகுதிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வாடகைக்காரர் அங்கே சொந்தப் பத்திரம் பெறலாம். அது சிறு பேறு அல்ல. ஆனால் விடியுமுன் கோயில் வாசலில் மாலையோடு நிற்க வேண்டியவருக்குச் சிம்பாங் அம்பாட்டின் மலிவான வீடு தொழிலையே பறித்துவிடும். குடியிருப்பை வெறும் விலைப் பொருளாகக் கணக்கிடும் ஆய்வுகள் இந்த இழப்பைக் காண்பதில்லை.

அரசு வாடகைச் சட்டம் கொண்டுவரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனின் தனித்தன்மை அதன் உடைமை முறையில் இருக்கிறது. சீனக் குலங்களின் கொங்சிகள், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சூழ்ந்த வக்பு நிலம், இந்து அறப்பணி வாரியம், கோயில் அறக்கட்டளைகள் எனப் பொது நோக்கத்துக்காக வைத்த சொத்து இங்கே ஏராளம். ஆர்மீனியன் தெருவில் சீனக் கோயில் அறக்கட்டளை ஒன்றின் கடைவீடுகள் நகரப் புத்துயிர்ப்பு அமைப்பான திங்க் சிட்டியின் துணையுடன் பழைய குடிகளை வைத்துக்கொண்டே சீரமைக்கப்பட்டன. அறக்கட்டளைக்கும் வருமானம் வேண்டும் என்பார்கள், நியாயமே. கீழ்த்தளக் கடைக்குச் சந்தை வாடகையும், மாடி வீட்டுக்குப் பத்தாண்டு நிலையான ஒப்பந்தமும் எனப் பிரித்தால் இரண்டும் கூடும். நம் தமிழ் அறநிலையங்கள் இதைத் தம் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.