லொறி முன்னச்சுப் பரிசோதனை (மாத்தளை மாவட்டம்)

லொறி முன்னச்சுப் பரிசோதனை என்பது, நெடுந்தூரம் ஓடிய சரக்கு லொறியின் முன் ஸ்பிரிங், கிங்பின் (முன்சில்லு இடமும் வலமும் திரும்பும் சுழல்முளை), ஸ்டியரிங் இணைப்புகள் ஆகியவற்றின் தேய்மானத்தைக் கழற்றாமலே கண்டறியும் முறை. மாத்தளை மாவட்டத்தில் இரு வீதிகள் இதனை இன்றியமையாததாக்குகின்றன. ஒன்று, கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியே யாழ்ப்பாணம் செல்லும் ஏ9. மற்றது, இறத்தோட்டையிலிருந்து நக்கிள்ஸ் மலையை ரிவஸ்டனில் கடந்து லக்கலைக்கு இறங்குவது. முன்னதில் பாரமும் தூரமும், பின்னதில் வளைவுகளும் முன்னச்சைத் தேய்க்கின்றன.

வரலாறு

கோப்பிக் காலத்தில் மாத்தளையின் சரக்கை மாட்டு வண்டிகள் சுமந்தன. இருசில்லு வண்டிக்கு ஸ்டியரிங் தேவையில்லை. நுகம் திரும்பினால் வண்டி திரும்பும். நாற்சில்லு மரத்தேரையோ முட்டுக்கட்டை போட்டே திருப்புவர். முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனிக்குப் பெயர்பெற்ற மாத்தளைக்கு இது புதிதன்று. 1880 இல் புகையிரதம் நகரை அடைந்ததும் வண்டிகளின் நெடும்பயணம் குறைந்தது.

நாற்சில்லு வாகனம் திரும்புகையில் உட்புறச் சில்லு வெளிப்புறத்ததைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதற்கு 1817 இல் தீர்வு கண்டவர் மியூனிக் வண்டி வினைஞர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். மறு ஆண்டு இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்ற ருடொல்ஃப் அக்கர்மானின் பெயரே நிலைத்துவிட்டது. இவ்வமைப்புடைய லொறிகளில், இலங்கையில் பெட்ஃபோர்ட் லொறிகளுக்குப் பின் டாடா, இசுசு, அசோக் லேலண்ட் வகைகள் பரவின. லங்கா அசோக் லேலண்ட் நிறுவனம் 1982 இல் தொடங்கியது.

வகைகள்

அச்சு நுனி கவை வடிவில் இருந்தால் எலியட் அச்சு. சில்லைத் தாங்கும் ஸ்டப் அக்சல் கவையாக இருந்தால் ரிவர்ஸ் எலியட் அச்சு. இன்றைய லொறிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. இதில் கிங்பின் அச்சோடு பூட்டப்பட்டிருக்கும். தேய்வது கவையிலுள்ள மேல், கீழ் புஷ்கள். பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பெயாரிங் கீழ்க் கவைக்கு மேல் அமையும்.

பரிசோதனை

பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்னச்சின் கீழ் ஜக் கொடுத்து, சில்லை நிலத்திலிருந்து சற்றே உயர்த்தி, அச்சை ஸ்டாண்டில் இருத்த வேண்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பெயாரிங் தளர்ந்துள்ளது. நிற்காவிட்டால் கிங்பின் புஷ் தேய்ந்துள்ளது. இரு பக்கமும் பிடித்து அசைக்கையில் வரும் ஆட்டம், இரு முன்சில்லுகளையும் இணைக்கும் டை ரொட்டின் முனையான டை ரொட் எண்டைச் சுட்டும்.

பின்பு சில்லுகளை நிலத்தில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு போல் ஜொயின்ட்டின் மேலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தளர்வைக் கை உணரும். சில்லு அசையத் தொடங்குமுன் 20 அங்குல ஸ்டியரிங்கின் விளிம்பு ஏறத்தாழ 2 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அது மிகை என்பது அமெரிக்கச் சாரதிக் கையேடுகளின் அளவு.

ஸ்பிரிங் பட்டைகளில் துருக்கோடு விரிசலைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து அச்சே இடம் நகரலாம். டயரைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம்போலவும் இருந்தால் டோ அளவு (முன்சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) பிசகியுள்ளது. கிங்பினுக்குச் சில்லைத் தூக்கிய நிலையில் கிரீஸ் அடிப்பது பரவலான முறை. பாரம் இறங்கிய நிலையில் அது த்ரஸ்ட் பெயாரிங்கின் முகங்களுக்குச் சரியாகச் செல்லாது.

இன்றைய நிலை

1999 இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி லொறிகள் நாள்தோறும் வருகின்றன. 2020 இன் வாகன இறக்குமதித் தடையால் பழைய லொறிகளே நீண்டகாலம் ஓடின. வருமான அனுமதிப்பத்திரம் பெற லொறிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் வேண்டும்.